கருவாட்டுக் கடையில் முதல் வாசகம்

லியோனிலா அக்கா நாலாம் வகுப்போடு நின்றவள். படகில் போன அவளுடைய அப்பா திரும்பி வராத வருஷம், மூத்தவள் என்பதால் அவள் மீன் கூடையைத் தூக்கினாள். அதற்குப் பிறகு அவள் படித்ததெல்லாம் கருவாடு சுற்றிக் கொடுக்கும் பழைய செய்தித்தாள்கள்தான். ஒன்று விடாமல் படிப்பாள். செய்தி பாதியில் கிழிந்திருந்தால், மீதியை யாருக்குச் சுற்றிக் கொடுத்தோம் என்று நாள் முழுக்க யோசித்துக்கொண்டிருப்பாள்.

பனாய்த் தீவின் கடலோரத்தில் எங்கள் சந்தை. அவள் கடைக்குப் பக்கத்துக் கடை என்னுடையது. கத்தரிக்காயும் இஞ்சியும் விற்கிறேன். பதினேழு வருஷப் பழக்கம் என்பதால் அவளுடைய பைத்தியங்கள் எனக்கு அத்துப்படி. அதில் பெரியது கரோக்கே. சனிக்கிழமை சாயங்காலம் கடையை மூடியதும், படகுத்துறை ஓரத்துச் சாப்பாட்டுக் கடைக்குப் போய் மைக்கைப் பிடித்து மூன்று காதல் பாட்டுகளாவது பாடாமல் வீடு திரும்ப மாட்டாள். நல்ல குரல். மூட்டை தூக்குகிறவர்கள் மேசையைத் தட்டித் தாளம் போடுவார்கள்.

புது வருஷம் பிறந்த கையோடு, பூசையில் வேதாகம வாசகம் வாசிக்கப் புது ஆட்கள் வேண்டும் என்று பங்குச்சாமி ஃபாதர் அனிசெட்டோ அறிவித்தார். எட்டுச் சனிக்கிழமை வேதாகம வகுப்புக்கு வந்து, கடைசியில் பரீட்சை எழுத வேண்டும். அக்கா முதல் ஆளாகப் போய் நின்றாள். துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டாள்.

பெயர் எழுதும் மேசையில் வில்யாருஸ் டீச்சர் உட்கார்ந்திருந்தார். ஊர்ப் பள்ளியில் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர், இருபது வருஷமாக வாசகர் குழுத் தலைவி. உயர்நிலைப் பள்ளி முடித்தவர்களுக்குத்தான் இந்த வகுப்பு என்றார். அது எங்கே எழுதியிருக்கிறது என்று அக்கா கேட்டாள். எங்கேயும் எழுதியிருக்கவில்லை. டீச்சர் உதட்டைக் கடித்துக்கொண்டு பெயரை எழுதினார்.

வகுப்பெடுக்க ஆயர் இல்லத்திலிருந்து ஒரு சிஸ்டர் வந்தார். உயிர்த்த இயேசு கரையில் நிற்க, சீடர்கள் வலை நிறைய நூற்று ஐம்பத்து மூன்று பெரிய மீன்களைப் பிடித்த பகுதி வந்தது. அந்த எண்ணுக்கு அறிஞர்கள் என்னென்னவோ அர்த்தம் சொல்லியிருக்கிறார்கள் என்று சிஸ்டர் விளக்கிக்கொண்டிருந்தபோது அக்கா கையைத் தூக்கினாள்.

"அர்த்தமெல்லாம் இருக்கட்டும் சிஸ்டர். பசிக்குப் புடிச்சவன் மீனை எண்ண மாட்டான். விக்கப் போறவன்தான் எண்ணுவான். செத்தவரு எழுந்து வந்து எதிர்ல நிக்கிறாரு, அப்பவும் ஒருத்தன் உக்காந்து ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணியிருக்கான் பாருங்க. நாளைக்கு வீட்ல உலை வைக்கணுமே."

சிஸ்டர் சிரித்துவிட்டு அதைத் தன் நோட்டில் குறித்துக்கொண்டார். டீச்சர் சிரிக்கவில்லை.

பரீட்சையில் பதினான்கு பேரில் அக்கா மூன்றாவதாக வந்தாள். நான் பன்னிரண்டாவது. அன்றே துணி வாங்கி, பீடத்தில் நிற்பதற்கென்று ஒரு வெள்ளைச் சட்டை தைத்துக்கொண்டாள்.

அடுத்த வாரம் யாரோ ஒரு புண்ணியவான், அக்கா இடுப்பை அசைத்துப் பாடுவதைப் போனில் படமெடுத்துப் பங்குக் குழுவுக்கு அனுப்பிவிட்டார். படத்தில் அக்காவைவிட மேசையிலிருந்த பீர் பாட்டில்கள்தான் தெளிவாகத் தெரிந்தன. டீச்சர் ஃபாதரையும் வைத்துக்கொண்டு வாசகர் குழுக் கூட்டம் போட்டார்.

எல்லாரும் உட்கார்ந்ததும் டீச்சர் நேராக அக்காவைப் பார்த்தார். "சனிக்கிழமை குடிகாரங்க நடுவுல காதல் பாட்டு பாடுற வாய், ஞாயித்துக்கிழமை ஆண்டவரோட வார்த்தையை வாசிக்கிறதா?"

"அதே வாயிலதான டீச்சர் பூசையில நன்மை அப்பமும் வாங்குறேன்? அதுக்கு இந்த வாய் போதும்னா வாசிக்கிறதுக்கும் போதும்."

ஃபாதர் எங்கள் பங்குக்கு வந்து நாலு மாதம்கூட ஆகவில்லை. முப்பது வயது இருக்கும். கொஞ்ச நாளைக்குப் பாட்டை நிறுத்தி வைக்கும்படி, சமாதானத்துக்காக, தயங்கித் தயங்கிக் கேட்டார். பாடுவது பாவமா என்று அக்கா திருப்பிக் கேட்டாள். பாவம் இல்லை என்று அவர் ஒத்துக்கொண்டார்.

"பாவம்னா சொல்லுங்க ஃபாதர், இப்பவே முட்டி போட்டுப் பாவசங்கீர்த்தனம் பண்றேன். பாவம் இல்லாததை எதுக்கு நான் நிறுத்தணும்? நிறுத்த மாட்டேன்."

வாசகர் பட்டியல் வந்தபோது அதில் அவள் பெயர் இல்லை.

அன்று மத்தியானம் கடையில் எடை போட வந்தவர்களைக்கூடக் கவனிக்காமல் உட்கார்ந்திருந்தாள். வந்தவர்களுக்கு நான்தான் கருவாடு நிறுத்துக் கொடுத்தேன். கூட்டம் குறைந்ததும், "நாலாவதுக்கு அப்புறம் மொத மொதல்ல ஒரு பரீட்சை பாஸ் பண்ணேன் புளோரா" என்றாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். பிறகு தராசைத் துடைத்து நிமிர்த்தி வைத்தாள். "அவங்க இடம் குடுக்காட்டிப் போகட்டும். கத்துக்கிட்டது வாசிக்கத்தான. வாசிக்கிறேன்."

எங்களுக்குப் பெரிய சந்தை ஞாயிற்றுக்கிழமைதான். கறிக்கடைக்காரர்களும் மூட்டை தூக்குகிறவர்களும் பூசையைப் பார்த்து வருஷக்கணக்காகிறது. விடியற்காலையில் சரக்கு இறங்கிய பிறகு, கூட்டம் வருவதற்கு முன் கொஞ்ச நேரம் ஓய்வு கிடைக்கும். அந்த ஞாயிறு, அக்கா வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, மீன் பெட்டி ஒன்றைக் கவிழ்த்து அதன்மேல் ஏறி, அன்றைய பூசைக்குரிய முதல் வாசகத்தை வாசித்தாள். எதிர்ப்பக்கக் கறிக்கடை தெமெத்ரியோ கத்தியை நிறுத்தாமல் எலும்பை வெட்டிக்கொண்டே இருந்தான்.

"இந்த மீன் நாத்தத்துல கடவுள் மூக்கைப் பொத்திக்குவாரு அக்கா" என்றான்.

"அவரு கூட்டாளிங்கள்ல பாதிப் பேரு மீன்காரங்கதாண்டா. பழகியிருக்கும்."

அடுத்த ஞாயிறு ஆறு பேர் நின்றார்கள். ஐந்தாவது ஞாயிறு முப்பது பேருக்கு மேல் இருக்கும். அவள் வாசிக்கத் தொடங்கியதும் தெமெத்ரியோவின் கத்தியும் நின்றது. முடித்ததும் கேள்வி கேட்பார்கள். தனக்குத் தெரிந்ததைச் சொல்வாள். தெரியாததைத் தெரியாது என்பாள், சிஸ்டருக்கு எழுதிக் கேட்டு மறுவாரம் சொல்வாள்.

செய்தி டீச்சர் காதுக்குப் போயிற்று. ஒரு ஞாயிறு, சந்தைச் சேற்றில் பாவாடை நுனியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். யாருடைய அனுமதியோடு இதைச் செய்கிறாய் என்று எல்லார் முன்னாலும் கேட்டார். அக்கா பெட்டியிலிருந்து இறங்கவில்லை.

"வேதாகமத்தை வீட்ல வாசிங்க, வாசிங்கன்னு வருஷம் பூரா கோயில்ல நீங்கதான டீச்சர் சொல்றீங்க? எனக்கு வீடு இதுதான். காலையில நாலு மணிக்கு வந்தா இருட்டுனப்புறம்தான் போறேன்."

மூட்டைக்காரர்கள் சிரித்தார்கள். அக்கா கையைக் காட்டி அவர்களை அடக்கினாள்; விட்ட வரியிலிருந்து வாசிப்பைத் தொடர்ந்தாள். வாசித்து முடியும்வரை டீச்சர் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டுத்தான் போனார்.

ஃபாதர் வந்தது அதற்கு இரண்டு வாரம் கழித்து. மலையடிவாரச் சிற்றாலயத்தில் பூசை வைக்கப் போகிற வழியில் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு, என் கத்தரிக்காய்க் கூடைகளுக்குப் பின்னால் நின்று வாசிப்பைக் கேட்டார். பத்தொன்பது வருஷமாகப் பாவசங்கீர்த்தனம் பண்ணாத ஒருவன் அந்த வாரம் தன்னிடம் வந்ததாகவும், யார் அனுப்பியது என்று கேட்டால் கருவாட்டுக்காரி என்றதாகவும் என்னிடம் சொன்னார். பிறகு அக்காவிடம் போய், தூய ஆவி இறங்கிவந்த திருநாளுக்கு முதல் வாசகம் அவளுடையது என்றார். பாட்டை நிறுத்தும் பேச்சே எடுக்காதீர்கள் என்றாள். அவரும் எடுக்கவில்லை.

திருநாளன்று எங்கள் இரண்டு கடைகளையும் தெமெத்ரியோவிடம் ஒப்படைத்துவிட்டு நானும் அக்காவோடு போனேன். அன்றைய வாசகத்தில் பார்த்தர், மேதியர், எலாமியர் என்று வாயில் நுழையாத பெயர்கள் வரிசையாக வரும். அக்கா ஒன்றில்கூடத் தடுமாறவில்லை. "ஆண்டவரின் அருள்வாக்கு" என்று முடித்தாள். கோயில் முழுவதும் "இறைவா உமக்கு நன்றி" என்றது. இரண்டாவது வரிசையில் டீச்சர் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு வாயை இறுக்கி உட்கார்ந்திருந்தார். அக்கா அதைப் பார்த்துவிட்டாள். அவரைப் பார்த்தபடியே நின்றாள். பாடகர் குழு பதிலுரைப் பாடலைத் தொடங்கவா வேண்டாமா என்று விழித்தது. கடைசியில் டீச்சரின் உதடுகள் அசைந்தன. என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. ஆனால் அக்கா புத்தகத்தை வணங்கிவிட்டு இறங்கி வந்தாள்.

பூசை முடிந்ததும் டீச்சர் வாசலில் அவளை நிறுத்தி, பம்பிலியா என்ற பெயரை அவசரத்தில் விழுங்கிவிட்டாய் என்றார். சரிதான், அடுத்த முறை மெதுவாகச் சொல்கிறேன் என்று அக்காவும் ஒத்துக்கொண்டாள். இன்றைக்கும் இரண்டு பேருக்கும் அவ்வளவுதான் பேச்சு.

அதற்கு அடுத்த ஞாயிறு விடியற்காலை, அக்கா வழக்கம்போல் மீன் பெட்டியைக் கவிழ்த்தாள். மோட்டார் சைக்கிளில் வந்த ஃபாதர், இனி எட்டு மணிப் பூசையில்தான் அவளுக்கு இடம் இருக்கிறதே, இங்கே எதற்கு என்று மெல்லக் கேட்டார்.

"அங்க வர்றவங்களுக்கு அங்க வாசிக்கிறேன் ஃபாதர். இவங்க அங்க வர்றதில்லையே."

அவர் தலைக்கவசத்தைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு கூட்டத்தோடு நின்றார். அக்கா பெட்டியின்மேல் ஏறினாள்.