புலி தப்பிய கோடு

செங்கம் சாலையிலிருந்து மலைப்பக்கம் ஒதுங்கியிருந்த அந்தச் சிற்றூரில் காக்கத் தக்கவை எனத் தொல்லியல் துறையினர் கண்டவை மூன்று: ஒரு மண்டபம், ஒரு குளம், பாதி சரிந்த ஒரு சத்திரம். 1979-இல் மூன்றுக்கும் சேர்த்து ஒரு நீலப் பலகை நட்டார்கள். ஊரார் பலகையைப் படித்தார்கள். சகாதேவன் மண்டபத்துத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அங்கே ஓர் ஆடுபுலிக் கட்டம் இருந்தது. சிறுவயதில் அவரும் கூட்டாளி ஆதிமூலமும் இரவல் உளியால் வெட்டியது. அதில் ஒரு கோடு அதிகம். ஆதிமூலத்தின் கையில் உளி வழுக்கிய தடம். முதல் ஆட்டத்திலேயே, சகாதேவனின் ஆடுகள் மடக்கிய தன் புலியை அத்தடத்தின் வழியே அவன் வெளியேற்றினான்.

“டேய், அது உளி சறுக்குன கோடுடா!”

“சறுக்குனா இன்னா? கல்லுல இருக்குதில்ல? கோடுன்னா வழிதான்.”

முப்பது ஆண்டுகளுக்கு மேல் இவ்வழக்கு தீரவில்லை. மல்லாட்டைக் கடலை பிடுங்கி ஓய்ந்த மாலைகளில், மலைமேல் வெயில் மஞ்சளாக இறங்கும்போது, புளியங்கொட்டை ஆடுகளால் சகாதேவன் புலியை மடக்குவார்; புலி அக்கோட்டில் நழுவும்; மறுநாள் மாலைவரை இருவருக்கும் பேச்சில்லை. சென்ற மாசியில் ஆதிமூலம் இறந்துபோனார்.

“புதுசா கிறுக்குனதையெல்லாம் காரை வச்சு அடைச்சிடுவோம்” என்றார் பலகை நட வந்த அதிகாரி. “இந்தக் கட்டம் பழசா, புதுசா?”

ஊரார் சகாதேவனைப் பார்த்தனர். ஏரித் தண்ணீர்த் தகராறில் உடன்பிறந்த தம்பிக்கு எதிராகவே சாட்சி சொன்னவர் அவர்.

“எங்க தாத்தா காலத்துதுங்க.”

அவர் மனைவி பச்சையம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அதிகாரி குனிந்து அதிகக் கோட்டைத் தடவினார். “இந்த மாதிரிக் கோடு வேற எங்கயும் பார்த்ததில்லை. இதைக் கட்டாயம் காப்பாத்தணும்.”

காப்பாற்றினார்கள். கட்டத்தைச் சுற்றி இரும்புச் சங்கிலி வந்தது. காவலுக்கு அப்பாசாமி வந்தான்.

“உள்ள உக்காரக் கூடாதுண்ணா” என்றான்.

“ஆயுசுல ஒரே ஒரு பொய்யி சொன்ன” என்றாள் பச்சையம்மாள். “அதுக்கும் வேலி போட்டுட்டாங்க பாருய்யா.”

மாலைதோறும் சகாதேவன் சங்கிலிக்கு வெளியே வந்து நின்றார். நான்கு ஆண்டுகள் நின்றபின் ஒருநாள், செங்கல் துண்டொன்றை எடுத்து மண்டபத்துக்கு வெளியே கிடந்த வெறும் பலகைக்கல்லில் புதிய கட்டம் வரைந்தார். அதிகக் கோட்டை வரையவில்லை. எவ்வளவோ காலமாக அவர் வாதாடிய கட்டம் அதுவே.

“வா அப்பாசாமி. புலி உன்னுது.”

பொழுது சாய்வதற்குள் மூன்று புலிகளும் மடங்கின. ஆதிமூலத்திடம் ஒருநாளும் வாய்க்காத வெற்றி.

“அவ்ளோதாண்ணா, முடிஞ்சிபோச்சு” என்று எழப்போனான் அப்பாசாமி.

சகாதேவன் சங்கிலிக்குள் இருந்த பழைய கட்டத்தைப் பார்த்தார். பிறகு செங்கல் துண்டை எடுத்து, மடங்கிய ஒரு புலியின் காலடியிலிருந்து சாய்வாக ஒரு கோடு இழுத்தார்.

“இன்னாண்ணா, இந்தக் கோடு ஆட்டத்துலயே கெடையாதே?”

“கோடுன்னா வழிதான். உக்காரு. ஓட்டு உன் புலிய.”