சந்து வழக்கில் போன வீடு

“அந்தக் கேஸு சந்துக்குத்தானடா! ஊட்டுக்கு எப்பிடிறா செல்லும்?”

“பத்திரத்துல இருக்கறது உன்ற கையெழுத்துதான்னு கோர்ட்டே சொல்லிப்போட்டுதுக்கா. பங்கு வேண்டாம்னு எழுதிக் கொடுத்தவ, எப்ப காலி பண்றே?”

அன்று குமாரபாளையத்தில் கரண்ட் இல்லை. தறிகள் நின்றிருந்ததால் அங்கம்மாளும் அவள் தம்பி மயில்சாமியும் போட்ட சண்டை சொல் தவறாமல் கேட்டது. பக்கத்து வீட்டு வாசலில் காய்ந்த துணியையே மறுபடி உதறிக் காயப்போட்டபடி நின்றேன்.

புருஷன் போனபின் அங்கம்மாள் மகள் அனிதாவோடு அப்பன் வீட்டின் பின்கட்டில் இருந்தாள். ஐந்து வருடத்துக்கு முன் மயில்சாமி, பக்கத்துச் சந்து தனக்கு மட்டும் சொந்தம் என்று வழக்குப் போட்டான். ஆதாரம், அப்பன் செத்த மறுவருடம், வீட்டிலும் சந்திலும் தன் பங்கு வேண்டாம் என்று அக்கா எழுதிக் கொடுத்ததாக ஒரு விடுதலைப் பத்திரம்.

“என்ற கையெழுத்தே இல்ல” என்றாள் அங்கம்மாள். அதைக் கூண்டில் ஏறிச் சொல்ல வேண்டிய நாளில் கையில் மாரியம்மன் காப்பு. காப்புக் கட்டியவர் ஊர் எல்லை தாண்டக்கூடாது, கோர்ட்டோ திருச்செங்கோட்டில். வாங்கிய வாய்தாவும் காப்பு அவிழ்க்குமுன்பே வந்து தொலைத்தது. ‘கோர்ட் எங்கே ஓடிவிடப் போகிறது’ என்று அவளைத் தடுத்தவர்களில் நானும் ஒருத்தி.

பத்திரம் உண்மை, சந்து தம்பிக்கு என்று தீர்ப்பானது. “போச்சாது, முன்வாசல் வழியா நடந்துக்கறேன்” என்று அப்பீல்கூடப் போடவில்லை மகராசி.

பிறகுதான் பத்திரத் தேதியை அனிதா கவனித்தாள். அது அவள் பிறந்த நாள். அன்று அம்மா பவானியில் பிரசவக் கட்டிலில் கிடந்தாள். ஆஸ்பத்திரிச் சீட்டும் இருந்தது. பத்திர ஆபீசில் அவள் பெயரில் உட்கார்ந்தவள் யாரோ! வீட்டில் பாதி கேட்டு வழக்குப் போட்டார்கள். அதுதான் இந்தச் சண்டைக்கு முந்தின நாள் தள்ளுபடியானது.

கத்தி ஓய்ந்ததும் அங்கம்மாள் வக்கீல் வளவனைப் பார்க்கப் போனாள். துணைக்கு நானும் போனேன், விடுவேனா?

“சீட்டப் பாக்கவே மாட்டாங்களாங்க?”

“சந்து யாருதுன்னு சொல்றதுக்கு, பத்திரம் நெசமான்னு கோர்ட் முடிவு பண்ண வேண்டியிருந்துதுங்கம்மா. பண்ணியாச்சு. அதே ரெண்டு பேருக்குள்ள அதே கேள்விய வேற கேஸுல மறுபடி கெளப்ப முடியாது. சந்தோ ஊடோ, கேள்வி ஒண்ணுதானுங்க. இந்தச் சீட்ட அன்னைக்கே காட்டியிருக்கோணும். அப்பீலுக்கும் கெடு தாண்டிப்போச்சு.”

“அப்ப அன்னைக்கு நான் அனிதாவப் பெத்தது?”

வளவன் சீட்டை அவளிடமே திருப்பி நீட்டினார். பஸ்ஸில் அந்தச் சீட்டை அவள் எட்டாக மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

ஆனியில் பின்கட்டைக் காலி செய்தார்கள். ஆவணியில் அனிதாவுக்கும் ஆத்தூர் ஜவ்வரிசி ஆலை மெக்கானிக் ஒருவருக்கும் கல்யாணம். தாய்மாமன் செய்ய வேண்டிய சீரைச் செய்தது அங்கம்மாளின் ஒன்றுவிட்ட தம்பி குமரன். மயில்சாமி பட்டுவேட்டி கட்டி மண்டப வாசல்வரை வந்தான். வா என்று சொல்ல ஆளில்லை, திரும்பினான். அங்கம்மாள் மகளோடு ஆத்தூருக்கே போய்விட்டாள்.