ஒட்டுக்கட்டை வீடு

அருண்பாண்டி ஐந்தரைக்கு எழுந்தான். பல் தேய்த்தான். பால் பாக்கெட்டை வெட்டி ஒரு டம்ளர் காய்ச்சினான். மீதியை ஃப்ரிட்ஜில் வைக்கப் போனால் முந்தாநாள் மீதி திரிந்து கிடந்தது. அதைக் கொட்டிவிட்டு பைக்கில் குன்னத்தூர் கிளம்பினான்.

அங்கே பனியன் கம்பெனி முதலாளி சுப்பையன் தோட்டத்துக்குள் விருந்தினர் வீடு கட்டிக்கொண்டிருந்தார். அவரிடம் சரக்கு எடுக்கும் இங்கிலாந்துக்காரரின் நானூறு வருடத்துப் பண்ணை வீட்டில் இரண்டு நாள் தங்கி வந்ததிலிருந்து, தனக்கும் அதேபோல் ஒன்று வேண்டுமென்றிருந்தார். வரைந்து கொடுத்தவள் அருண்பாண்டியின் மனைவி ஜோதிகா. கட்டும் இன்ஜினியர் அவன். வேலை தொடங்கிய மூன்றாம் மாதம் டெங்குவில் அவள் போய்விட்டாள்.

அவள் வரைந்ததில் சுவர் எதையும் தாங்காது, மரச்சட்டம்தான் வீடு. தூணும் உத்தரமும் கூடும் இடத்தில் ஆணி கிடையாது. ஒன்றின் துளையில் மற்றதன் நுனியில் செதுக்கிய நாக்கைச் செருகி மரமுளை அடிக்க வேண்டும். மூலைக்கு மூலை சாய்கட்டை கொடுத்தால்தான் சட்டம் காற்றுக்கு நிற்கும்.

சட்டம் எழுந்ததும் வாஸ்து பார்க்க வந்தவர் சாய்கட்டைகளைக் காட்டி, பாடை கட்டினமாதிரி இருக்கிறதே என்றார். அன்றைக்கே எல்லாவற்றையும் பிரிக்கச் சொல்லிவிட்டார் சுப்பையன். கான்கிரீட் தூண் வந்தது. அதன்மேல் மரம்போல அச்சடித்த ஃபைபர் பலகை. மூன்றடிக்கு ஒருமுறை அதே கணு திரும்ப வந்தது. முளைக்குப் பதில் பிரவுன் பெயிண்டில் பொட்டு. இடுக்கில் பசை வழிந்து சளிபோல் உறைந்திருந்தது. ஆனாலும் சுப்பையன் சொன்னதைச் செய்துகொண்டிருந்தான் அருண்பாண்டி.

இன்று வாசலில் புதிதாக ஒரு கிரானைட் கல். ‘வடிவமைப்பு: அமரர் ஜோதிகா.’

உளியை எடுத்துப் பெயரைக் கொத்தி அழிக்கத் தொடங்கினான். மேஸ்திரி அங்கமுத்து போன் போட, பத்தே நிமிடத்தில் சுப்பையன் காரில் வந்து இறங்கினார். நாளைக்கு வெள்ளைக்காரர் வருகிறார், அவருக்குக் கதையெல்லாம் சொல்லியாயிற்று என்றார்.

“என்ன கதை சார்?”

“சாகறப்பக்கூட இந்த ஊட்டை முடிச்சுப்போடுங்கன்னுதான் அந்தப் புள்ள சொல்லுச்சுன்னு. மனுசன் கண்ணு கலங்கிட்டாருங்க. நல்லதுக்குத்தானுங்க சொன்னேன்.”

பெயரில் ஒரு எழுத்து பாக்கி இருந்தது. அதையும் கொத்திவிட்டு நிமிர்ந்தான் அருண்பாண்டி.

“அவ அப்படிச் சொல்லல.”

“பின்ன என்னதானுங்க சொல்லுச்சு?”

“‘கையில ட்ரிப்ஸ் ஊசிக்கு டேப் ஒட்டுன எடம் அரிக்குது, கொஞ்சம் சொறிஞ்சு விடேன்.’”