கித்தானில் ஒரு குளம்பு

நான் கட்டும் தோணிக்கு அடிப்பலகை கிடையாது. மெல்லிய மரச்சட்டங்கள், அவற்றின்மேல் தண்ணீர் புகாமல் கீல் பூசிய கித்தான் துணி, அவ்வளவுதான். ஆணி அடித்த பூட்ஸோடு பாதிரியாரே வந்தாலும் கழற்றச் சொல்லித்தான் ஏற்றுவேன். அப்படிப்பட்ட நான் அன்று ஒரு பன்றியை ஏற்றினேன்.

தீவிலிருந்து எதிர்க்கரைச் சந்தைக்கு வேறு வழியில்லை. நாலு காலையும் கட்டி, குளம்புகளில் சாக்கு சுற்றி, வைக்கோல்மேல் கிடத்திக் கொண்டுபோவோம். அன்று அதன் காலைக் கட்டியவள் என் மனைவி நாப்லா. அதைப் புட்டிப்பால் கொடுத்து வளர்த்தவள் அவள்தான். இறுக்கிக் கட்ட மனம் வரவில்லை. முடிச்சை நான் பார்ப்பதற்குள் அவள் தம்பி கோல்மன் துடுப்புப் போட ஆரம்பித்துவிட்டான்.

நடுக்கடலில் கட்டு அவிழ்ந்தது. பன்றி உதைத்தது. சாக்கு ஒருபக்கம் பறக்க, பின்னங்கால் ஒன்று கித்தானைத் துளைத்துத் தொடைவரை கடலுக்குள் இறங்கியது.

எங்கள் மூவரில் ஒருவருக்கும் நீச்சல் தெரியாது. கோல்மன் துடுப்பை விட்டுவிட்டுக் கத்தியை உருவினான்.

"கழுத்தை அறுத்துத் தூக்கிப் போட்டுடலாம் மச்சான்."

"தொட்டுப் பாரு, கையை ஒடிச்சிருவேன். இப்ப அந்தக் கால்தான்டா அடைப்பு. உருவினா தண்ணி குபுகுபுன்னு வரும். துள்ளினா கித்தான் நீளத்துக்குக் கிழியும். பேசாம தண்ணியை இறைச்சு ஊத்து."

நான் தனியாகத் துடுப்புப் போட்டேன். பன்றி மறுபடி திமிறியது. கிழிசல் ஒரு விரல் அகலம் நீண்டதை என் கண்ணாலேயே பார்த்தேன். நாப்லா தவழ்ந்துபோய் அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டாள், ஆனால் வாயைத் திறக்கவில்லை.

"ஏதாச்சும் பேசுடி. உன் குரலுக்குத்தான் அது அடங்கும்."

"அதுக்குத் தெரிஞ்சது ஒரே பேருதாங்க."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கடலில் அந்த மிருகத்தின் பெயரை எங்கள் ஆட்கள் வாய்தவறியும் சொல்லமாட்டார்கள். சொன்ன தோணி கரை சேராது என்பார்கள். வீட்டில் இவள் அதைக் கூப்பிட்டதோ அந்தப் பெயரைச் சொல்லித்தான்.

"வேணாம்க்கா," என்றான் கோல்மன். "அப்பா போனது மறந்துபோச்சா? கூட வந்தவன் அந்த வார்த்தையைச் சொன்னான். ரெண்டு பேரும் திரும்பலை."

எனக்கும் பயம்தான். ஆனால் தோணி கட்டுகிறவனுக்குச் சொல்லைவிடக் கிழிசல் பெரிது.

"சொல்லுடி," என்றேன்.

அவள் குனிந்து அதன் காதில் சொன்னாள்: "பன்னிக்குட்டி. என் பன்னிக்குட்டி. ஒண்ணுமில்லடா, நான் இருக்கேன்ல."

கோல்மன் கத்தியின் இரும்பை இறுகப் பிடித்துக்கொண்டான். அந்தச் சொல் காதில் விழுந்தால் இரும்பைத் தொடவேண்டும். பன்றி பெருமூச்சுவிட்டு அடங்கியது. கரையை நெருங்கும்வரை அவள் நிறுத்தவில்லை. தொண்டை கட்டி, கடைசியில் வெறும் காற்றுதான் வந்தது. அதற்கும் அது அசையாமல் கிடந்தது.

இடுப்பளவு தண்ணீரில் நானும் கோல்மனும் குதித்துத் தோணியைத் தாங்கினோம். கால் முழுசாக வெளியே வந்தது, தோல் மட்டும் உரிந்திருந்தது. நாங்கள் மூவரும் உயிரோடு கரையேறினோம்.

இறைச்சிக்குப் பன்றி வாங்கும் வியாபாரியின் வண்டி காத்திருந்தது. வண்டியில் சாய்த்திருந்த பலகையில் பன்றி ஏற மறுத்தது. அவன் தடியை ஓங்கினான்.

"அடிக்காதீங்க," என்ற நாப்லா வண்டியின் முன்பக்கம் போய் நின்றாள். "பன்னிக்குட்டி," என்றாள்.

அவள் குரலை நம்பி, நொண்டிக்கொண்டே அது தானாக ஏறியது.