இருநூற்றுப் பத்துக்கு அடுத்த பக்கம்

விமலநாதன் மாஸ்டருக்குக் கண்டியில் ஒரு பட்டப்பெயர் இருந்தது: ஜெர்மன் பைத்தியம். பள்ளிக்கூடத்தில் இரசாயனம் படிப்பிக்கும் யாழ்ப்பாணத்து மனிதர், மிச்ச நேரமெல்லாம் ஜெர்மன் சர்வாதிகாரத்தில் விஞ்ஞானம் படும் பாட்டைச் சரித்திரமாக எழுதிக்கொண்டிருந்தால் ஊர் வேறென்ன சொல்லும்?

1936இல் அவரைத் தூங்கவிடாமல் செய்தது ஒரு ஜெர்மன் விஞ்ஞானச் சஞ்சிகை. எல்சா ரோத்மன் என்ற யூதப் பெண்ணின் ஆராய்ச்சி 211ஆம் பக்கத்தில் என்றது பொருளடக்கம். உள்ளே 210க்குப் பிறகு 219. காணாமல் போன அந்த நான்கு தாள்கள் கிடைத்தால் ஆராய்ச்சியை மறைத்ததற்குச் சாட்சி. கிடைக்காவிட்டால் அவர் புத்தகம் வெறும் வாய்ப்பேச்சு. லண்டன் வரை எழுதிப் பார்த்துச் சலித்து, 'அங்கே ஒருவரும் எதிர்க்கவில்லை' என்று கடைசி அத்தியாயத்தைக் கசப்போடு முடித்து வைத்திருந்தார்.

அன்று ஹபீல் நானாவின் கடைக்கு மண்ணெண்ணெய் லாம்புக்குக் கண்ணாடி வாங்கப் போனார். ஜெர்மனியிலிருந்து வந்த பெட்டி திறந்து கிடந்தது. நானா ஒரு கண்ணாடியைச் சுற்றியிருந்த தாளை உருவி எறிய, மாஸ்டர் குனிந்து எடுத்தார். பக்கம் 211!

"ஐயோ, நானா!" என்று அவர் போட்ட கூச்சலில் வீதியே நின்றது.

வேட்டியில் வைக்கோல் ஒட்ட ஒட்டப் பெட்டியைக் கிளறினார். 213 வந்தது. 215 வந்தது. மற்றக் கண்ணாடிகளெல்லாம் வெறும் வைக்கோலில் கிடந்தன. அப்போதுதான் உறைத்தது. இது குப்பைக் கடதாசி இல்லை. யாரோ வேண்டுமென்றே, கசங்காமல் சுற்றி நாட்டுக்கு வெளியே அனுப்பியிருக்கிறார்கள்.

"நாலாவது தாள் எங்கை நானா?"

"அந்தக் கண்ணாடி ஒடைஞ்சிரிச்சி மாஸ்டர். வைக்கோல் வைக்காம கடதாசி சுத்தினா ஒடையாம என்ன செய்யும்? கம்பெனிக்கு நல்லா ஏசி எழுதி, அந்தக் கடதாசியையும் உள்ளுக்கு வெச்சேன். மச்சான் ஹுஸைன் இப்பதான் தபால் கந்தோருக்குக் கொண்டு போறாரு."

மாஸ்டர் கையிலிருந்த தாள்களை மடியில் செருகினார்.

"அது போய்ச் சேந்தா, சுத்தினவன்ர தலை போயிடும்!"

குடையை விட்டுவிட்டு ஓடினார். பின்னால் கடையையும் விட்டுவிட்டு நானா ஓடினார்.

தேத்தண்ணிக் கடையைத் தாண்டிப் போக ஹுஸைனுக்குக் கால் வராது. ஊரே ஏசும் அந்தப் பழக்கத்துக்கு மாஸ்டர் அன்று கோயிலே கட்டியிருப்பார். தபால் கந்தோருக்கு நாலு கடை முன்னால், கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு ஹுஸைன் உட்கார்ந்திருந்தார். கடிதம் சட்டைப் பையில் இருந்தது.

மூச்சு வாங்க அதைப் பிரித்து 217ஐ வாசித்தார் மாஸ்டர். மறுபக்கம் 218. முடிவுரை முழுசாக இருந்தது. அங்கேயே ஹுஸைனின் பென்சிலை வாங்கி, 'ஒருவரும் எதிர்க்கவில்லை' என்ற வரியை மனதுக்குள் அடித்துவிட்டு, உறையின் பின்புறம் எழுதினார்: 'ஒருவர் எதிர்த்தார்.' எந்தக் கம்பெனி என்றும் எழுதச் சரித்திரக்காரனின் கை துறுதுறுத்தது. சுற்றியவனின் தலையை நினைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு பென்சிலைத் திருப்பிக் கொடுத்தார்.

நானா, தான் ஏசி எழுதிய கடிதத்தைக் கையில் வைத்து விழித்துக்கொண்டிருந்தார்.

"அப்ப இனிமே அவங்கள்ட்ட சாமான் எடுக்கவா, வாணாமா?"

"எடுங்கோ நானா," என்றார் மாஸ்டர். "ஆனா வைக்கோல் மட்டும் கேக்காதேங்கோ."