எலிகள் மிச்சம் வைத்த தீனி

இன்னும் கொஞ்சம் கிட்ட வாருங்கள், கண்ணுகளா. இன்றைக்கு உங்களுக்கென்று ஒரு கதை வைத்திருக்கிறேன். சொல்லும்போது என் குரல் உயர்ந்தால் பயப்படாதீர்கள். கோபம் உங்கள் மேல் இல்லை.

ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் எலிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை அவளுக்கு. பதினேழு வருஷமாக அங்கே எல்லாருக்கும் அவள் எலியக்காதான். காலையில் கூண்டு கழுவுவாள், தண்ணீர்ப் புட்டி மாற்றுவாள், முந்தின நாள் தீனியில் எலிகள் மிச்சம் வைத்ததை வழித்தெடுத்துத் தராசில் நிறுத்து எழுதி வைப்பாள். அந்தத் தாளை யாரும் திரும்பிப் பார்த்ததில்லை.

அந்த வருஷம் பேராசிரியர் ஏதோ ஓர் இலையிலிருந்து பழுப்புப் பொடி ஒன்றைப் பிரித்தெடுத்திருந்தார். கல்லீரலில் கொழுப்பு படிந்தவர்களுக்கு அது மருந்தாகுமா என்று பார்க்க வேண்டும். இரண்டு வரிசை எலிகளுக்கும் கொழுப்புத் தீனி. ஒரு வரிசைக்கு மட்டும் அதில் பொடி கலந்திருந்தது. மூன்று மாதம் கழித்து அறுத்துப் பார்த்தார்கள். பொடி வரிசையின் கல்லீரல் சிவந்து பளபளவென்று இருந்தது. மற்ற வரிசையினுடையது வெண்ணெய் அப்பியதுபோல் வெளுத்துக் கிடந்தது. பத்திரிகையில் பேராசிரியரின் படத்தோடு செய்தி வந்தது. மாதம் திரும்புவதற்குள் அந்த இலையின் பெயரில் கடைகளில் மாத்திரையும் வந்துவிட்டது.

எலியக்காவின் அண்ணன் பஸ் ஓட்டுகிறவர். அவருக்குக் கல்லீரல் கொழுப்பு முற்றி, தழும்பு விழத் தொடங்கியிருக்கிறது என்று ஸ்கேன் பார்த்த டாக்டர் எச்சரித்திருந்தார். சாப்பாட்டைக் குறை, நட, தவறாமல் வந்து காட்டு என்பது அவர் உத்தரவு. இரண்டு தடவையாக அண்ணன் அந்தப் பக்கமே போகவில்லை என்று தெரிந்ததும் எலியக்கா நேராக அவர் வீட்டுக்குப் போனாள்.

"ஏண்ணே போகல?"

"உங்க புரொபசரே மருந்து கண்டுபிடிச்சிட்டாரு. அப்புறம் டாக்டரு எதுக்கு? தங்கச்சி கூடத்து மருந்துன்னு டிப்போ முழுக்கச் சொல்லிட்டேன். இன்னும் ஆறு பேரு வாங்கிட்டாங்க."

"நடக்கச் சொன்னாங்கல்ல, நடக்குறாரு," என்றாள் அண்ணி. "மாத்திரை வாங்க, தெருமுனை வரைக்கும்."

எலியக்காவுக்கு உண்மை தெரியும். பொடி வரிசைக் கூண்டுகளில் தினமும் பாதித் தீனி அப்படியே கிடக்கும். எலிக்கு என்ன கேடு என்று ஒருநாள் நாக்கு நுனியில் வைத்துப் பார்த்தாள். மத்தியானம்வரை வாயிலிருந்து கசப்பு போகவில்லை. எல்லாவற்றையும் எழுதித்தான் வைத்தாள். படித்தவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று நினைத்தாளே, அதுதான் அவள் செய்த தப்பு.

"அண்ணே, எலிக்குக் கொழுப்பு கரைஞ்சது பொடியால இல்ல. கசப்புன்னு எலிங்க சாப்பிடல."

"புரொபசருக்குத் தெரியாதது உனக்குத் தெரிஞ்சிடுச்சாக்கும்," என்று சிரித்துக்கொண்டே அண்ணன் இரண்டு மாத்திரையை வாயில் போட்டுக்கொண்டார்.

மறுநாள் காலை அவள் பேராசிரியரின் அறைக்குள் போனாள்.

"சார், நீங்க எழுதின கட்டுரையில மிச்சத் தீனி கணக்கு இருக்கா?"

"எந்த மிச்சம்?"

"பொடி வரிசை பாதி வயிறுதான் சாப்பிட்டுச்சு சார். கொழுப்பைக் கரைச்சது பொடியா, பசியா?"

அவர் புன்னகைத்தார். "நீங்க எலியப் பாருங்க. மத்ததை நாங்க பாத்துக்கறோம்."

"எலியப் பாத்ததாலதான் சார் கேக்குறேன்."

அந்த வாரமே ஒரு கோப்பு அவள் மேசைக்கு வந்தது. மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்க்க அனுமதி கேட்கும் கோப்பு. எல்லாப் பதிவுகளும் இதில் உள்ளன என்று எலிகளைப் பார்த்துக்கொள்கிறவர் கையெழுத்துப் போட்டால்தான் அது நகரும். அவள் தாள் தாளாகப் புரட்டினாள். மிச்சத் தீனி எழுதிய தொண்ணூறு தாளில் ஒன்றுகூட இல்லை. கோப்பை எடுத்துக்கொண்டு போய் அவர் முன்னால் வைத்தாள்.

"கையெழுத்துப் போட மாட்டேன் சார்."

"வேலை வேணுமா வேண்டாமா உங்களுக்கு?"

"வேணும் சார். அதைத்தான் செஞ்சிட்டிருக்கேன்."

கையெழுத்து இல்லாத கோப்பு நின்றது. ஏன் நிற்கிறது என்று மேற்பார்வைக் குழு விசாரிக்க வந்தது. குழுவின் தலைவி எலியக்காவிடமே கேட்டாள். இவள் தொண்ணூறு தாளின் நகலையும் மேசைமேல் வைத்தாள். தலைவி மூன்று தாள் படித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"பேராசிரியர், இந்தப் பொடி கசக்கும்னு உங்களுக்குத் தெரியுமா?"

அவர் கூரையைப் பார்த்தார்.

"இந்தம்மாவுக்குத் தெரிஞ்சிருக்கு," என்றாள் தலைவி.

சோதனையை மறுபடி செய்யச் சொன்னார்கள். பொடி வரிசை எவ்வளவு தின்கிறதோ, அதே அளவு பொடி கலக்காத கொழுப்புத் தீனியை நிறுத்து மற்ற வரிசைக்கும் வைக்க வேண்டும், ஒரு கிராம் கூடக் கூடாது. மூன்று மாதம் கழித்து அறுத்தால், இரண்டு வரிசைக் கல்லீரலும் ஒரே சிவப்பு.

இலையைத் திட்டாதீர்கள் கண்ணுகளா, அது என்ன செய்தது பாவம். நாளைக்கு வேறொரு செடி நிஜமாகவே ஒரு கல்லீரலைக் காப்பாற்றலாம். அதற்காகத்தானே அத்தனை கூண்டும். ஆனால் படம் போட்டுச் செய்தி சொன்ன பத்திரிகையில், தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று ஒரு வரி வந்ததா? வரவில்லை. மாத்திரை இன்னும் கடையில் இருக்கிறது. பேராசிரியர் அடுத்த இலையைத் தேடப் போய்விட்டார்.

எலியக்கா புதுச் சோதனையின் இரண்டு கல்லீரல் படத்தையும் அண்ணன் மடியில் போட்டாள். அவர் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"அப்ப, கம்மியா சாப்பிட்டதாலதானா?"

"ஆமாண்ணே."

"அதைத்தானே டாக்டரும் சொன்னாரு."

"அவரு சொன்னது பேப்பர்ல வரலையே," என்றாள் அண்ணி.

அன்று சாயங்காலமே மூன்று பேரும் டாக்டரிடம் போனார்கள். புது ஸ்கேனில் தழும்பு ஒரு படி ஏறியிருந்தது. இன்னும் பிடித்து நிறுத்தலாம், ஆனால் ஏறினது ஏறினதுதான் என்றார் டாக்டர். மறுநாள் அண்ணன் டிப்போவுக்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே நடந்து போய், அந்த ஆறு பேரையும் ஒவ்வொருவராகப் பிடித்து, நான் சொன்னது தப்பு என்று சொன்னார். பத்திரிகை செய்யாததை ஒரு பஸ் டிரைவர் செய்தார்.

போய் வாருங்கள் கண்ணுகளா. உங்கள் வீட்டில் சம்பாதிக்கிறவர்களும் சமைக்கிறவர்களும் நோய்நொடி இல்லாமல் நெடுநாள் இருக்கட்டும். உங்களிடம் மெய் சொல்கிறவர்களுக்கு உங்கள் வாசல் எப்போதும் திறந்தே இருக்கட்டும்.