மலாயில் சொல்ல முடியாத நோய்

“இருபது பேர்தான் கனகேஸ்வரி. ஒரு தலை கூடினாலும் போலீஸ்காரன் கல்யாணத்தையே நிறுத்திடுவான். நீ வாசல்லயே நின்னுக்கோலா. எப்படியும் தாலி கட்டுறப்ப நீ முன்னால வர முடியாதுதானே?”

கனகேஸ்வரி கோயில் வாசலில் மகள் யோகலட்சுமியின் கூறைச்சேலை மடிப்பைச் சரிசெய்துகொண்டிருந்தாள். சொன்னவர் இறந்துபோன கணவரின் அண்ணன் விநாசித்தம்பி.

பினாங்கு ஜார்ஜ்டவுனில் காலரா. கோயில் கல்யாணத்தில் இருபது பேருக்கு மேல் கூடக் கூடாது, பந்தி கூடாது என்று உத்தரவு. அடேயப்பா, எவ்வளவு வசதியான உத்தரவு! விதவையை ஓரங்கட்ட இதுவரை ஊர்வழக்கத்தை இழுக்க வேண்டியிருந்தது. இப்போது சர்க்காரே துணைக்கு வந்துவிட்டது. அந்த இருபதில் விநாசித்தம்பியின் ஆபீஸ் மேனேஜருக்கு இடம் இருந்தது, மேனேஜரின் மைத்துனனுக்கும் இருந்தது. பெற்றவளுக்கு இல்லை. பாயான் லெப்பாஸ் ஃபேக்டரி பஸ்ஸுக்கு ஓடும் மகளுக்குத் தினமும் சோறு கட்டிக் கொடுத்தவள் செருப்புகளுக்குப் பக்கத்தில் நின்றாள்.

காவலுக்கு வந்த கார்ப்பரல் இஸ்மாயில் தலைகளை எண்ணினார். சரியாக இருந்தது. ஆனால் மணப்பெண் திரும்பித் திரும்பி வாசலையே பார்ப்பதைக் கவனித்துவிட்டார்.

“அந்த அம்மா யார்?” என்று மலாயில் கேட்டார்.

“பெண்ணின் தாய்” என்றார் விநாசித்தம்பி.

“தாய் ஏன் வெளியே?”

அவர் வாயைத் திறந்தார், மூடினார். ஆபீசில் மலாயில் வெளுத்துக் கட்டுகிறவர்தான். ஆனால் அமங்கலி என்பதற்கு மலாயில் என்ன சொல்வது? புருஷன் இல்லாதவள் என்றால், ‘அதனால் என்ன?’ என்று கேட்பானே இந்த மனுஷன்! மேனேஜர் வேறு பார்த்துக்கொண்டிருக்கிறார். மானம் போய்விடும். வாயில் வந்ததைச் சொல்லிவைத்தார்.

“வயிற்றுக் கோளாறு, என்சிக்.”

அவ்வளவுதான்! இஸ்மாயில் பின்வாங்கி விசில் அடித்தார். “யாரும் வெளியே போகக் கூடாது! சுகாதார லாரி வரட்டும்!”

மேனேஜர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்தினார். மாப்பிள்ளையின் தகப்பனார் ஐயாத்துரை எழுந்தே விட்டார். “என்னங்க இது, காலரா வீட்டிலயா பொண்ணு எடுக்கிறோம்? தம்பி, எழுந்திருலா!”

விநாசித்தம்பி வாசலுக்கு ஓடினார். “கனகேஸ்வரி, உனக்கு ஒண்ணுமில்லன்னு சொல்லும்மா! உன் மக கல்யாணம்லா!”

“சொல்றேன் அத்தான். நல்லா இருக்கிற தாய் எங்க நிக்கணும்?”



கனகேஸ்வரி கடைத்தெருவில் கற்ற பாசார் மலாயில் தானே கார்ப்பரலிடம் சொன்னாள். “எனக்கு ஒரு நோயும் இல்லை. என் புருஷன் செத்துப்போனார். அதுக்குத்தான் என்னை இங்கே நிறுத்தியிருக்காங்க.”

இஸ்மாயில் அவளைப் பார்த்தார், விநாசித்தம்பியைப் பார்த்தார்.

“அது ஒட்டுமா?” என்றார்.

ஐயாத்துரை மெல்ல உட்கார்ந்தார்.

“ஒட்டாது என்றால் உள்ளே போங்கள், மக்சிக். ஆனால் இருபதுதான். ஒருவர் வெளியே வர வேண்டும்.”

மாப்பிள்ளை வீட்டாரை எழுப்ப முடியாது. மேனேஜரை நினைத்தே பார்க்க முடியாது. கனகேஸ்வரி நேராக நடந்து போய் மகளின் பக்கத்தில் நின்றாள். யோகலட்சுமி அம்மாவின் கையைப் பற்றிக்கொண்ட பிறகுதான் தாலிக்குக் கழுத்தை நீட்டினாள்.

உள்ளே கெட்டிமேளம் முழங்கியது. வெளியே செருப்புகளுக்கு நடுவே நின்ற விநாசித்தம்பியின் முகத்தைப் பார்த்துவிட்டு இஸ்மாயில் அக்கறையாக விசாரித்தார்.

“உங்களுக்கு வயிறு சரியாக இருக்கிறதா, என்சிக்?”